அமெரிக்காவில் ஓட்டுப் போட: நவம்பர் வரை காத்திருந்தால் பாதித் தேர்தல் போய்விடும்

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நவம்பரின் முதல் திங்களுக்கு மறுநாள் வரும் செவ்வாய்க்கிழமைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதிபர் தேர்தலுக்கு அந்த நாளை 1845-இல் சட்டம் போட்டுக் குறித்தார்கள். ஆனால் பல தொகுதிகளில் யார் ஜெயிப்பார் என்பது அதற்குப் பல மாதம் முன்பே, பிரைமரி எனும் வேட்பாளர் தேர்விலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கட்சித் தலைமை பார்த்து சீட் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை பிரைமரியில் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். கட்சியில் சேர உறுப்பினர் அட்டையோ சந்தாவோ தேவையில்லை. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும் படிவத்திலேயே ‘எந்தக் கட்சி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறித்தால் போதும். நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே அதன் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். டெக்சஸில் கட்சிப் பதிவே கிடையாது. ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் யாரும் கலந்துகொள்ளலாம்.

கட்சியை மாற்றிப் பதிவதற்கும் கெடு உண்டு. 2016-இல் டொனால்ட் டிரம்ப் போட்டியிட்ட நியூயார்க் பிரைமரியில் அவருடைய மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் ஓட்டுப் போட முடியாமல் போனது. கெடுவுக்குள் குடியரசுக் கட்சியில் பதியாததே காரணம். ஏப்ரலில் நடந்த பிரைமரிக்கு, ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் கட்சி மாற முந்தைய அக்டோபரே கடைசி!

பிரைமரியில் ஒரு ஓட்டின் எடை என்ன என்பதற்கு அதே நியூயார்க்கில், ஜனநாயகக் கட்சியின் கோட்டையான 14-ஆவது நாடாளுமன்றத் தொகுதியைப் பார்க்கலாம். சுமார் 7 லட்சம் பேர் வாழும் இடம். 2018 ஜூனில் நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பதிவான ஓட்டு 30,000-ஐக்கூடத் தொடவில்லை. நாடாளுமன்றத்தில் கட்சியின் பெருந்தலைகளில் ஒருவரான ஜோ கிரௌலியை, முதன்முறை போட்டியிட்ட அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கார்டெஸ் அதில் தோற்கடித்தார். நவம்பரில் அவர் 70 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி சுலபமாக வந்துவிட்டார். உண்மையான போட்டி ஜூனிலேயே முடிந்திருந்தது.

அதிபர் தேர்தலில் நாடு முழுக்க விழுந்த ஓட்டைக் கூட்டிப் பார்த்து முடிவு சொல்வதில்லை. ஓட்டர்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்க, மாநிலவாரியாகப் பிரித்து மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பேரைப் பெற்றவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முன்னணியில் இருப்பவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும். 2000-இல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம்தான் ஜார்ஜ் புஷ்ஷை அதிபராக்கியது.

தேர்தலை நடத்துவது மாநிலங்களும் அவற்றின் கீழுள்ள கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகங்களும். வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் தேர்தல் ஆணையம் பணக் கணக்கை மட்டுமே பார்க்கும். ஆகவே பதிவு, கெடு, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் உங்கள் மாநிலத்தின் விதிதான் செல்லும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்திலேயே ‘வாக்காளராகப் பதிய விருப்பமா’ என்று கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர் தெரியாமல்கூட ‘ஆம்’ போட்டுவிடக் கூடாது. குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், வாக்காளராகப் பதிந்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா என்ற கேள்வி வரும். ஓட்டே போட்டிருந்தால் குற்ற வழக்கும் நாடு கடத்தலும்கூட வரலாம்.

நன்கொடை விதி வேறு. கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்குப் பணம் தரலாம். எச்1பி எனும் வேலை விசாவில் இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. அவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பதும் குற்றம். 2025-26 தேர்தல் சுற்றில் ஃபெடரல் வேட்பாளர் (அதிபர், நாடாளுமன்றப் பதவிகளுக்குப் போட்டியிடுபவர்) ஒருவருக்கு ஒருவர் தரக்கூடிய உச்சம் 3,500 டாலர். பிரைமரிக்குத் தனி, நவம்பருக்குத் தனி. மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயரும் வேலை செய்யும் நிறுவனமும் பொதுப் பதிவேட்டில் ஏறும்.

தனிமனிதருக்கு இத்தனை கட்டுப்பாடு இருக்க, 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் ‘சூப்பர் பேக்’ எனும் தேர்தல் பிரசார அமைப்புகள் வரம்பே இல்லாமல் பணம் திரட்டிச் செலவழிக்கின்றன. வேட்பாளரிடம் நேரடியாகப் பணம் தரக் கூடாது, அவரோடு கலந்து திட்டமிடக் கூடாது என்பவைதான் அவற்றுக்குள்ள முக்கியத் தடைகள். என்னைக் கேட்டால், சாதாரண ஓட்டாளரின் குரலை அமுக்குவதில் இதற்கு இணையான விதி அங்கே வேறில்லை.

துப்பாக்கி உரிமைக்கு என்ஆர்ஏ, முதியோருக்கு ஏஏஆர்பி, தொழிலாளருக்கு ஏஎஃப்எல்-சிஐஓ என ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு லாபி செய்பவர்கள், அதாவது ஒரு தரப்புக்காக அரசிடமும் நாடாளுமன்றத்திடமும் பேசி ஆதரவு திரட்டுபவர்கள், 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அரசிடம் முறையிடும் உரிமையை அரசியலமைப்பின் முதல் திருத்தமே தந்திருக்கிறது. அதற்குச் சங்கமோ பணமோ வேண்டாம். விசா, கிரீன் கார்டு விண்ணப்பம் தேங்கிக் கிடந்தால், ஓட்டுரிமை இல்லாதவரும் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதலாம். உங்கள் கோப்பைப் பார்க்க அனுமதிக்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அது வந்த பிறகே குடியேற்றத் துறையிடம் உங்களுக்காக விசாரிப்பார்கள்.