ஹசார்துவாரியின் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில், பாகீரதி ஆற்றங்கரையில் இருக்கிறது ஹசார்துவாரி அரண்மனை. நவாப் ஹுமாயூன் ஜாவுக்காக டங்கன் மெக்லியோட் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1829-இல் தொடங்கி 1837-இல் முடிந்தது. இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. கிரேக்கக் கோயில் பாணி முகப்பையும் பெருந்தூண்களையும் பார்த்தால் கல் என்றே தோன்றும். உண்மையில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். சென்னை ராஜாஜி மண்டபமும் சற்று முந்தைய காலத்து, இதே பாணிக் கட்டடம் என்பதால் கீழே சொல்வது அதற்கும் பொருந்தும்.

ஆற்றங்கரை ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலேற்றும். சுண்ணாம்புப் பூச்சு தன் நுண்துளைகள் வழியே அதை வெளியே விடும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சை உதிர்க்கும். உதிர்வது பூச்சு மட்டுமே, செங்கல் பிழைத்துக்கொள்ளும். இந்த உதிர்வைக் கண்டு பயந்துதான் சிமெண்ட் பூசுகிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைக்கும், ஈரம் இன்னும் உயரே ஏறும், உப்பு செங்கல்லையே பொடியாக்கும். கடைசியில் சிமெண்ட் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் பெயின்ட் செய்வதும் இதே கேடுதான். சுண்ணாம்பு வெள்ளையடிப்பு போதும்.

ஒட்டுவேலைக்கு, நீற்றிய (நீர் விட்டுப் பொங்கவைத்த) பிறகு தண்ணீரில் மூழ்கியபடி ஒரு மாதமாவது கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. ஈரம் அதிகமுள்ள இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் சுர்க்கி, அதாவது செங்கல் பொடி. சுவரை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பூச வேண்டும். பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். அவசர வேலைகளில் முதலில் வெட்டப்படுவது இந்த ஒரு வாரம்தான், பெயர்ந்து விழுவதும் அதனால்தான்.

தோட்டக்காரருக்கும் இதில் பங்குண்டு. சுவரை ஒட்டிப் பாத்தி போட்டால் எருவும் மண்ணும் சேர்ந்து வருடாவருடம் மட்டம் உயரும், பாய்ச்சும் நீர் அடித்தளத்துக்குப் போகும். ஒரு மீட்டராவது இடம் விட்டு, தரையை வெளிப்பக்கம் சரிவாக வைக்கவேண்டும். தெளிப்பான் நீர் சுவரில் படக் கூடாது.

கொடுங்கையில் (சுவரின் மேல்விளிம்பில் வெளியே நீளும் பகுதியில்) முளைக்கும் அரசங்கன்றை விரல் அளவில் இருக்கும்போதே, மழை பெய்த மறுநாள் பிடுங்கிவிடலாம். வேர் தடித்தபின் இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். அப்போது அடியோடு வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் முழுதும் பட்டுப்போனபின் எடுத்து, துளையைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பவேண்டும்.