எலி கடித்த ரெண்டு ரூபாய்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் மீதிச் சில்லறையாக ஒரு ரெண்டு ரூபாய்க் காசு வந்தது. ஓரத்தில் எலி கடித்தாற்போல ஒரு பிறை அளவுக்குக் காணோம். "அது செல்லாதுங்க, கொடுங்க, வேற தர்றேன்" என்றார் கடைக்காரர். நான் கொடுக்கவில்லை. எரர் காயின், அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாகிப்போன காசு, சேர்க்கிறவன் கொடுப்பானா? ஆனால் கடித்தது நாணயச்சாலையா, யாரோ ஒருவருடைய அரமா என்று தெரிய வேண்டுமே.

நீளமான உலோகப் பட்டையிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பதுதான் முதல் வேலை. விரித்த பூரி மாவில் டம்ளரை வைத்து வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளர் ஏறிவிட்டால் பூரி குறையாகத்தான் வரும். பட்டை சரியாக நகராவிட்டால் வில்லைக்கும் அதே கதி.

அப்புறம் வில்லையை உருட்டி, இரண்டு பக்கமும் நெருக்கி விளிம்பை எழுப்புவார்கள். சுவாரசியம் இங்கேதான். கடிபட்ட இடம் உருண்டு வரும்போது அந்தப் பக்கம் பிடிமானம் இருக்காது. ஒரு பக்கம் தாங்காமல் மறுபக்கம் அழுந்துமா? நேர் எதிரே உள்ள விளிம்பும் மழுங்கியே நின்றுவிடும். இதற்குப் பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். பிறகு அச்சு இறங்கும்போது, உலோகம் வெற்றிடத்தை நோக்கி வழிவதால் கடியை ஒட்டிய எழுத்துகள் இழுபட்டு மங்கும். அரத்தால் ராவிய காசில் எழுத்து சட்டென்று அறுந்து நிற்கும், எதிர் விளிம்பு முழுசாக இருக்கும். என் காசில் எதிர் விளிம்பு மழுங்கல். அசல்தான்!

சரி, அசல் பிழை என்றாலே விலை ஏறுமா? ஏறாது. லேசான அச்சு, மேல்தகட்டில் சின்ன உரிசல் போன்றவை பெரும்பாலும் தரத்தைக் குறைக்கவே செய்யும். வெறும் கண்ணுக்கே தெரிகிற பிழைக்குத்தான் மவுசு. அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் (லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசு) ஒன்றில் ஆண்டும் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும். அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் இரண்டு முறை, சற்றுத் திரும்பிப் பதிந்துவிட்டது. தேய்ந்து போனதுகூட நல்ல விலைக்குப் போகிறது. அடிக்கும்போது அச்சு ஆடியதால் விழுகிற தட்டையான இரட்டை நிழலை வைத்துக்கொண்டு லட்சம் கேட்பவர்களும் உண்டு, பாவம்.

பிழை வேறு, தரம், அதாவது காசின் நிலை, வேறு. அமெரிக்க நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்றைய தரநிர்ணயத்துக்கு அடிப்படை. அச்சு லேசாக விழுந்த காசும் தேய்ந்த காசும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சாய்த்துப் பிடித்தால் முன்னதில் புதுக்காசின் மினுமினுப்பு சுழலும், பின்னதில் மேடான இடங்கள் செத்துக் கிடக்கும்.

அந்த மினுமினுப்புக்கு மலை ஈரம் ஆகாது. ஐப்பசி மழையில் செம்புக்காசு பச்சை பூக்கும். நான் அறியாத வயதில் 1862-ஆம் வருடத்துக் கால் அணா ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தேன். இன்றும் பீரோவில் பளபளவென்று கிடக்கிறது, தேய்த்ததில் அசல் மேனி போய்விட்டதால் கேட்க ஆளில்லை.