கமரா விட்டும் ஏன் சதை எடுக்கவில்லை?

“ரெண்டு தரம் கமரா விட்டவை டொக்டர். கட்டி இருக்கெண்டு சொல்லினம், சதை எடுக்கேல்லை. வேறை இடத்திலை காட்டுவமோ?”

கிளிநொச்சியில் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தபடி அந்த அம்மா கேட்டபோது, குரலில் பயத்தைவிடக் கோபம்தான் கூட. புட்டு இறங்கும்போது நெஞ்சுக்குள் தடக்குகிறதென்று வந்தவர். ஆனால் வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டு உணவுக்குழாயைப் பார்த்தவர்கள், சோதனைக்குச் சதை எடுக்காமல் விட்டதுதான் சரி.

உணவுக்குழாயில் புற்றுநோய் பெரும்பாலும் உள்தோலில் தொடங்கும். கமராவில் புண்ணாகவோ கரடுமுரடாகவோ தெரிந்தால் சதை எடுத்தே ஆகவேண்டும். இவருக்கோ உள்தோல் வழுவழுவென்று இருந்தது. அடியிலிருந்துதான் ஏதோ தள்ளியது. பாய்க்குக் கீழே புளியங்கொட்டை கிடந்தால், பாயைக் கிள்ளி என்ன பயன்? பாயின் நார்தான் கையில் வரும். அதோடு, கிள்ளிய இடம் ஆறும்போது தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொள்ளலாம். பிறகு ஒருநாள் கட்டியைத் தோண்டியெடுக்க வேண்டி வந்தால் உள்தோல் கிழியும் ஆபத்துக் கூடும்.

இப்படியானவர்களைத்தான் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் செய்யப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். கமராக் குழாயின் நுனியிலேயே சின்ன ஸ்கான் கருவி இருக்கும். சில மில்லிமீற்றர் தடிப்பான உணவுக்குழாய்ச் சுவர், அதில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று 5 வரிகளாகத் தெரியும். கட்டி எந்த வரியிலிருந்து கிளம்புகிறது என்பதில்தான் பாதி விடை. 3ஆம் வரியில் வெள்ளையாகத் தெரிந்தால் அநேகமாகக் கொழுப்புக் கட்டி. உள்ளே ஒன்றுமில்லாத கருமை என்றால் நீர்க்கட்டி. 4ஆம் வரியான தசையில், ஓரம் தெளிவாக, ஒரேசீரான மங்கல் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் லயோமயோமா. கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ரொயிட்டுக்குச் சொந்தக்காரன். உணவுக்குழாயில் வரும் சாதுவான கட்டிகளில் இதுவே அதிகம், புற்றுநோயாக மாறுவது மிக அரிது. சிலவேளை கட்டியே இராது: வெளியிலிருந்து இரத்தக்குழாயோ, காசநோயில் வீங்கிய நெறிக்கட்டியோ அழுத்திக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் படம் பார்த்தே முடிவு செய்துவிடவும் முடியாது. பெரிதாக, ஓரம் ஒழுங்கில்லாமல், வளர்ந்துகொண்டு போகும் கட்டியென்றால் அதே கருவி வழியாக ஊசி விட்டுக் கலங்களை எடுப்போம்.

எங்கள் பக்கத்தவர்களுக்கு ஒரு விடயம். “உடம்பிலை பீஸ் இருக்கு, ஸ்கான் செய்யலாமோ?” என்று வன்னியில் கேட்காத கிழமையில்லை. எம்.ஆர்.ஐ. காந்தத்தில் இயங்குவது, அதற்கு முன், போரில் பட்ட செல் துண்டு உடம்பில் இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் ஒலியில் இயங்குவது, அந்தப் பயம் வேண்டாம். வெறும் வயிற்றோடு, துணைக்கு ஒருவரோடு வாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை ஏதும் எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்க ஊசி போடுவதால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம்.

ஆனால் வெற்றிலை, புகையிலை போடுகிறவருக்குச் சோறு தடக்கி, பிறகு கஞ்சியும் தடக்கி, உடம்பும் மெலிந்தால், அது வேறு கதை. அவர் ஒரு கிழமையும் பிந்தக்கூடாது.

அந்த அம்மாவுக்கு 4ஆம் வரியில் 2 சென்ரிமீற்றர் அளவில் லயோமயோமா. அந்த அளவுக் கட்டி புட்டை மறிப்பது குறைவு. அவருக்குத் தடக்கியது அமிலம் மேலெழுந்ததால், குளிசையில் தணிந்தது. ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதும் கட்டி அதே அளவுதான்.

“புட்டு எப்படி அம்மா?”

“இறங்குது. சொதி கொஞ்சம் கூட விடோணும்.”