தட்டினால் கணீரென்கிற கரி

"மொட்டை மாடிக்கு கிரில் அடுப்பு வாங்கியிருக்கிறோம். கருவேலங்கரி, சிரட்டைக்கரி, ஜப்பான் கரி என்று என்னென்னவோ விற்கிறார்கள். கோழி சுட எந்த மரத்துக் கரி நல்லது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எந்த மரம் என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த மரம் எவ்வளவு சூட்டில் வெந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

காற்று போதாமல் விறகு வெந்தால் கரி. இது பள்ளியிலேயே படித்ததுதான். முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனால் கரிமூட்டம் புகைவதை நேரிலேயே பார்க்கலாம். சீமைக்கருவேலக் கட்டைகளை அடுக்கி, தழையோ வைக்கோலோ போட்டு, மண்ணால் மூடி, சின்னச் சின்னத் துளைகள் மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். உள்ளேயே நாள்கணக்கில் புழுங்கி வேகும். முதலில் ஈரம் போகும். 200 டிகிரியைத் தாண்டியதும் மரத்தின் நாரான செல்லுலோஸ் வகைகளும், அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினும் உடைந்து புகையாகவும் தாராகவும் வெளியேறும். 500 டிகிரிக்குள் பெரும்பகுதி காலி. 100 கிலோ விறகுக்கு 20 கிலோ கரி தேறினால் நல்ல மூட்டம்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். மிஞ்சி நிற்கும் கார்பன் அணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்து வளையங்களாகின்றன. 400 டிகிரியில் அவை தனித்தனித் தீவுகள். ஒவ்வொரு தீவின் கரையிலும் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற ஹைட்ரஜன் கழன்று போகும், தீவுகள் விரியும். இராமநாதபுரத்துக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்கு ஒவ்வொன்றும் தனியாகத்தான் தேங்கும். மழை வலுத்தால் ஒன்று மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும், அது அதற்கடுத்ததை. ஏதோ ஒரு ராத்திரியில் முதல் கண்மாய் மீன் கடைசிக் கண்மாய்க்குப் போக வழி திறந்துவிடும். கரிக்குள் அந்த ராத்திரி 600-லிருந்து 800 டிகிரிக்குள் வருகிறது. மீனுக்குப் பதில் எலக்ட்ரான். அதுவரை மின்சாரத்தை அண்டவிடாத கரியின் தடை லட்சக்கணக்கான மடங்கு சரிந்து, அது மின்கடத்தியாகவே ஆகிவிடுகிறது!

ஓசையும் இந்த இணைப்பைப் பொறுத்ததுதான். அரைகுறையாக வெந்த கரியைத் தட்டினால் 'தொப்' என்னும். உள்ளே எல்லாம் ஒரே வலையாக இறுகியிருந்தால் 'கணீர்'. ஹைட்ரஜன் போய்விட்டதால் புகைவதற்கும் உள்ளே சரக்கு இல்லை. ஆகவே எவ்வளவு புகையும் என்பதைக் காதே சொல்லிவிடும். (விரிசலும் ஈரமும் இருந்தால் நல்ல கரியும் மந்தமாகத்தான் ஒலிக்கும். நான் ஒருமுறை எடை கூட்டத் தண்ணீர் தெளித்த மூட்டையை வாங்கி வந்து, தீபாவளி மாதிரி பொறி பறக்கவிட்டேன்.) எங்கள் தெரு இஸ்திரிக்காரர் இரண்டு துண்டை மோதிப் பார்க்காமல் கரி வாங்கமாட்டார். பொறி பறந்தால் ஓட்டை விழுவது ஊரார் சட்டையில்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானின் வகயாமா பகுதிக் கரிக்காரர்கள். ஒரு வகை ஓக் மரத்தை மெல்ல வேகவைத்து, கடைசியில் சூளை வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, காற்று விட்டு, 1000 டிகிரி வரை ஏற்றுவார்கள். தகதகக்கும்போதே வெளியே இழுத்து ஈரச் சாம்பலும் மண்ணும் போட்டு மூடுவார்கள். பின்சோட்டான் என்று பெயர். 90 சதவீதத்துக்கு மேல் கார்பன். எவ்வளவு வெந்திருக்கிறது என்று அளக்க அங்கே மின்தடைக் கருவியையே பயன்படுத்துகிறார்கள். சிக்கல் என்னவென்றால், லேசில் பற்றாது. அரை மணி நேரம் கேஸ் அடுப்பின் மேல் கிடத்தி வைக்க வேண்டும். அதன் அகச்சிவப்புக் கதிர் உடம்புக்கு விசேஷம் என்று விற்பதெல்லாம் பம்மாத்து. சூடான தோசைக்கல்லும் அகச்சிவப்பைத்தான் வீசுகிறது.

ஆனால் அந்தக் கதிர்தான் கோழியைச் சுடுகிறது என்பது உண்மை. அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 700 டிகிரித் தணலை விசிறி 900 ஆக்கினால் கதிர்வீச்சு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கணக்கைக் கெல்வினில் (டிகிரியோடு 273-ஐக் கூட்டி) போட்டுப் பாருங்கள். வாசத்துக்குப் பெரும்பாலும் கரி காரணமில்லை, தணலில் சொட்டிப் பொசுங்கும் கொழுப்புதான்.

சரி, மரத்துக்கு வருவோம். டெக்சாஸில் மெஸ்கீட் என்று கொண்டாடி இறைச்சி சுடும் மரம் நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்கிற வாட்ஸப் கதையை விடுங்கள். ஆழ வேரோடி நிலத்தடி நீரைக் குடிக்கிறது, மற்றச் செடிகளை அண்டவிடுவதில்லை. குறை சொல்ல அதுவே போதும். அந்த மரத்தின் மேல் காட்டும் ஆத்திரத்தில் கால்வாசியை, வெளியேறும் புகையையே எரித்து வேகும் ஒரு மலிவான சூளையை வடிவமைக்க ஆராய்ச்சி நிதியாக மாற்றியிருக்கலாம். மூட்டம் போடுகிறவர்கள் இன்னமும் அந்தப் புகைக்குள்தான் நிற்கிறார்கள்.

கணீரென்கிற கருவேலங்கரி கிடைத்தால் கோழிக்கு அது போதும். நெடுநேரம் நின்று எரிய வேண்டுமென்றால் சிரட்டைக்கரி. கரித்தூளில் மரவள்ளி மாவு சேர்த்து அழுத்திய கட்டிகள் ஒரே சீராக எரியும், சாம்பல்தான் கூடுதல். சீக்கிரம் பற்ற எண்ணெய் ஊட்டிய ரகம் வேண்டாம், கோழியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்.

தணல் மேல் மெல்லிய நீலச் சுடர் ஆடினால், அது கார்பன் மோனாக்சைடு எரிவது. எரியாமல் தப்பியதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். நல்ல கரி புகையாததால் சந்தேகமும் வராது. குளிருக்கு அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்துபோனவர்கள் உண்டு. மாடியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியைப் போட்டுக் காற்றை அடைத்தால் தானே அணையும். மறுநாள் மிஞ்சிய துண்டில், மின்தடை அளக்கும் மல்டிமீட்டரின் முனைகளை அழுத்திப் பாருங்கள். முந்தின நாள் அரைகுறையாக வெந்த புதுக்கரியில் முள்ளே அசையாத அதே மீட்டர் இப்போது சில ஓம்களைக் காட்டும். மூட்டத்தில் பாதியில் நின்ற வேலையை உங்கள் அடுப்பு முடித்துவைத்திருக்கிறது. அடுத்த வாரக் கோழிக்கு அந்தத் துண்டுகளையும் சேர்த்துப் போடுங்கள்.