பாவமாக இருக்கிறதே என்று பாம்பு வாங்கலாமா?

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்ப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு படம் வரும், கூடவே "டாக்டர், இது கொஞ்சம் ஒல்லியா இருக்கு, மூச்சு விடும்போது ஏதோ சத்தம் வருது, அதனால விலையைக் குறைச்சுத் தர்றேன்னு சொல்றார், வாங்கலாமா?" என்று ஒரு செய்தி. கேட்கும்போதே பாதி மனசு அந்தப் பாம்பிடம் போயிருக்கும். பெரும்பாலும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் எல்லாப் பாம்புக்கும் அதையே சொல்ல மாட்டேன். என்ன கோளாறு என்பதையும், உங்கள் வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது அது.

அதனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது: வீட்டில் வேறு பாம்பு இருக்கிறதா? இருந்தால், தொற்றாக இருக்கலாம் என்று சந்தேகம் தருகிற எந்தப் பாம்பையும் உள்ளே கொண்டுவராதீர்கள். நலமாகத் தெரிகிற புதுப் பாம்பையே வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு தண்ணீர்க் கிண்ணம் வைத்து, குறைந்தது 90 நாள் தனியாக வைக்க வேண்டும். மலைப்பாம்பு, போவா வகைகள் என்றால் 6 மாதம் வரை வைப்பது நல்லது. பழைய பாம்புகளைக் கவனித்து முடித்த பிறகே அதைத் தொட வேண்டும். இதற்கு இடமும் பொறுமையும் இல்லாதவர், ஒன்றைக் காப்பாற்றப் போய் வீட்டில் இருக்கும் மற்றதையும் நோயில் தள்ளிவிடுவார்.

மூச்சுச் சத்தம்தான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது, அதனால் நுரையீரலில் சேர்ந்தது அங்கேயே கிடக்கும். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, வாயோரம் நுரை அல்லது கோழை, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, இதெல்லாம் தெரிந்தால் நோய் நேற்று வந்ததாக இருக்காது, உள்ளே பல நாளாக வளர்ந்திருக்கும். சட்டை உரிக்கிற சமயத்தில் மூக்குத் துவாரத்தில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு லேசாக விசில் மாதிரி சத்தம் வருவதுண்டு. அது உரித்து முடித்ததும் போய்விடும். இரை விழுங்கிய பிறகு வாயை அகலமாகத் திறந்து தாடையைச் சரிசெய்வதும் இயல்புதான். ஆனால் விற்பவர் எல்லாவற்றையும் "சட்டை உரிக்கப் போகுது" என்று சொல்லிவிடுவார். அப்படியென்றால் உரித்த பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

குளிரில் வைத்ததால் வந்த பாக்டீரியா தொற்று என்றால் சரியான வெப்பமும் ஊசி மருந்தும் கொடுத்துக் குணமாக்க வாய்ப்பு உண்டு, வாரக்கணக்கில் ஆகும். மலைப்பாம்புகளில் நிடோவைரஸ் என்ற கிருமியும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். 2014-இல்தான் அதை அடையாளம் கண்டார்கள், அதற்கு மருந்து இல்லை. வாயில் பஞ்சால் துடைத்து எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்யாமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ஒல்லியாக இருப்பதிலும் இரண்டு வகை உண்டு. சரியான சூடு இல்லாமல், ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல், பயத்தில் இரை எடுக்காத பாம்பு ஒன்று. பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்கிற சின்ன மலைப்பாம்பு) மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தும் எடை அவ்வளவாகக் குறையாமல் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. முதுகெலும்பு முக்கோணமாகத் துருத்திக்கொண்டு, பக்கத்தில் தோல் மடிந்து கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, இரையை விழுங்கி மூன்று நான்கு நாளில் கக்கிவிடுகிற பாம்பு. அதோடு உடம்பின் நடுப்பகுதியில் கெட்டியான வீக்கமும் இருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை நான் சந்தேகப்படுவேன். நம்பிச் சொல்லும்படியான சிகிச்சை இன்றுவரை இல்லை. பிளீச்சிங் கரைசலில் கூண்டைக் கழுவினாலும் அது சாகாது. ஒருமுறை மலப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் அது விட்டுவிட்டுத்தான் வெளியேறும். கக்குகிற பாம்பை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தலை ஆடுகிற பாம்பைப் பற்றியும் கேட்கிறார்கள். பால் பைத்தானில் ஸ்பைடர் என்கிற நிற வகைக்குத் தலை நடுங்குவதும் சுழல்வதும் பிறவியிலேயே உண்டு. அந்த நிறத்தைத் தருகிற மரபணுவோடு சேர்ந்தே வருவது அது, உள்காதின் அமைப்பே கோணலாக இருக்கிறது, மருந்தால் மாறாது. சில பாம்புகள் அதோடு நன்றாகச் சாப்பிட்டு வாழ்கின்றன, சில இரையைக் குறி பார்த்துப் பிடிக்கவே திணறுகின்றன. நான் அந்த வகையை வாங்கச் சொல்வதில்லை, இனப்பெருக்கம் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அழகான நிறம் என்பதற்காக ஓர் உயிரை வாழ்நாள் முழுவதும் தடுமாற வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி நிற வகை இல்லாத பாம்பு தடுமாறினால் விஷயம் இன்னும் மோசம். போவாக்களிலும் மலைப்பாம்புகளிலும் ஐ.பி.டி. என்ற கொடிய வைரஸ் நோய் நரம்பைத் தாக்கும். போவா அதை உள்ளே வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் நலமாகத் தெரியும், அதனிடமிருந்து நோய் தொற்றிய மலைப்பாம்பு சீக்கிரம் செத்துவிடும்.

சரி, எதை வாங்கலாம்? சட்டை துண்டு துண்டாக ஒட்டியிருப்பது, கண்மேல் பழைய செதில் தங்கியிருப்பது, வாலில் சின்ன வளைவு, ஆறிப்போன சூட்டுத் தழும்பு. இவை பெரும்பாலும் வளர்ப்புக் குறைபாட்டால் வந்தவை, வாலின் வளைவு முட்டையிலேயே வந்திருக்கலாம். ஈரப்பதத்தைச் சரி செய்தால் அடுத்த சட்டை முழுசாக வரும். கண்மேல் இருப்பதை மட்டும் நகத்தால் பிய்க்காதீர்கள், கண்ணே போய்விடும். சிற்றுண்ணி இருந்தாலும் ஒழிக்க முடியும், ஆனால் அது முட்டையிடுவது பாம்பின் மேல் இல்லை, கூண்டின் இடுக்குகளில், அதனால் கூண்டையும் அறையையும் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் இதுவும் வேண்டாம் என்பேன்.

இரக்கத்தில் வாங்குவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நோயுள்ள பாம்பை நீங்கள் காசு கொடுத்து வாங்கினால், விற்பவருக்குக் கிடைக்கிற செய்தி "இப்படி வைத்திருந்தாலும் விற்கும்" என்பதுதான். அதே டப்பாவில் அதே அழுக்கில் இன்னொன்று வந்து உட்காரும். அந்த இடத்தில் விலங்குகள் வதைபடுவதைப் பார்த்தால் விலங்குநல அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள். இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை, அந்தப் பாம்பு அங்கேயே செத்துப்போகலாம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நேரில் பார்க்கப் போகிறவர்கள் பாம்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். நலமான பாம்பு கையைச் சுற்றிப் பிடிக்கும், நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும், தளர்ந்து தொங்காது. வெள்ளை டிஷ்யூ தாளால் உடம்பை மெல்லத் துடையுங்கள், நகர்கிற கரும்புள்ளிகள் ஒட்டினால் அது சிற்றுண்ணி. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடந்தாலும் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஈறு வெளிர் ரோஜா நிறமாக இருக்க வேண்டும், தயிர் மாதிரித் திட்டோ இரத்தப் புள்ளியோ கூடாது. மெதுவாக மல்லாத்தினால் அது உடனே தானாகத் திரும்ப வேண்டும். எப்போது, என்ன சாப்பிட்டது என்று எழுதி வைத்த பதிவைக் கேளுங்கள், முடிந்தால் உங்கள் கண்ணெதிரே இரை எடுக்கிறதா என்று பாருங்கள். காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்பதும் முக்கியம், காட்டில் பிடித்தவை ஒட்டுண்ணிகளோடுதான் வரும், பல இனங்களை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம்.

வாங்குவதற்கு முன்பே பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் யாரென்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் பூனை பார்ப்பவர் எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை. சோதனை, ஊசி, திரும்பத் திரும்ப வருவது என்று சேர்ந்தால் பாம்பின் விலையைவிடச் செலவு கூடிவிடும். பால் பைத்தான் 20, 30 வருடம் சர்வசாதாரணமாக வாழும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால், நலமான பாம்பிடமிருந்தும் சால்மொனெல்லா என்ற, வயிற்றுப்போக்கு தருகிற பாக்டீரியா தொற்றலாம் என்பதால், கைகழுவும் பழக்கத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? முதல் வாரம் கையில் எடுத்து விளையாடாதீர்கள். அடியில் வெறும் வெள்ளைத் தாளை விரியுங்கள், மலமும் சிற்றுண்ணியும் அதில் தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் தெர்மாமீட்டரால் அளந்து எழுதுங்கள், எடையைக் கிராம் கணக்கில் குறித்து வையுங்கள். கக்கினால் அடுத்த இரையை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, கக்கியதை மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு, புது மலம் இருந்தால் அதையும் சேர்த்து, பாம்போடு மருத்துவரிடம் வாருங்கள்.