10 கோடி பதிவிறக்கம் என்ற எண்ணுக்குப் பின்னால்

ப்ளே ஸ்டோரில் ஒரு கேமுக்குக் கீழே '10 கோடி+' என்று இருந்தால் யோசிக்காமல் இறக்கிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம். அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. இறக்கிய அன்றே அழித்தவரும் அதில் இருக்கிறார், மூன்று வருடமாக ஆடுபவரும் இருக்கிறார்.

மொபைல் கேம்களின் கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலை. காலையில் நாங்கள் முதலில் திறப்பது ரிடென்ஷன் பக்கத்தை. புதிதாக வந்தவர்களில் மறுநாள் எத்தனை பேர் திரும்பினார்கள், ஏழாம் நாள் எத்தனை, முப்பதாம் நாள் எத்தனை? 40, 20, 10 சதவீதம் என்பது துறையில் பழகிப்போன அளவுகோல். அதாவது, நன்றாக ஓடுகிறது என்று நாங்கள் சொல்லும் கேமிலேயே பத்தில் ஒன்பது பேர் ஒரு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். மிஞ்சுகிற அந்த ஒருவரை வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது.

மொபைல் கேம் பதிவிறக்கத்தில் இந்தியாதான் உலகில் முதலிடம். வருமானத்தில் வெகுதூரம் பின்னால் நிற்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. அதே ஆண்டு வெளியான லூடோ கிங், 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஓடியது. விலை குறைந்த போனிலும் ஓடும், நெட் இல்லாமலும் ஆடலாம், தாயம் உருட்டிய பாட்டிக்கும் விதி சொல்லித்தர வேண்டாம். 2012இல் வந்த சப்வே சர்ஃபர்ஸ் இன்னும் நிலைத்திருப்பதற்கும் இதே எளிமைதான் காரணம். ஆனால் இங்கே கேமுக்குள் காசு கொடுத்து எதையும் வாங்குபவர்கள் மிகக் குறைவு. இப்படி எளிதாக ஆடும் 'கேஷுவல்' கேமுக்குச் சோறு போடுவது விளம்பரம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளை தோற்கும் இடம் பெரும்பாலும் தற்செயலாக அமைவதில்லை. எந்த லெவலில் எத்தனை பேர் தோற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் 'வீடியோ பார்த்துத் தொடரவும்' பட்டனை அழுத்துகிறார்கள் என்று பார்த்து லெவலை இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். பாதிப் பேருக்கு ஒரு வடிவம், மீதிப் பேருக்கு இன்னொன்று கொடுத்து, எதில் கூடுதலாக அழுத்துகிறார்கள் என்று ஒப்பிடுவதும் அன்றாட வேலை.

கோடை விடுமுறையில் என் அக்கா மகன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வயது ஒன்பது. இன்னும் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருக்கும்போது ஆட்டம் முடிந்தது. யோசிக்காமல் பட்டனை அழுத்தினான். முப்பது நொடி வீடியோ. முடிந்ததும் மூடும் குறி ஒரு மூலையில் நகம் அளவுக்கு வந்தது. விரல் தவறிப் பட்டு ப்ளே ஸ்டோர் திறந்தது. வந்த விளம்பரங்களில் ஒன்று உடனடிக் கடன் தரும் ஆப்புக்கானது. அவன் திரையில் அது ஏன் வருகிறது என்று அக்கா கேட்டாள். போன் அவன் அப்பாவுடையது. கணக்கில் இருப்பது அவருடைய வயது. விளம்பரம் அனுப்பும் இயந்திரத்துக்கு ஆடுவது ஒன்பது வயதுப் பையன் என்று தெரிய வழியில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. பணம் கட்டி ஆடும் கேம்களையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. இரண்டையும் நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அப்பா போனில் அப்பாவாகவே ஆடும் குழந்தையை முதல் சட்டம் எப்படி அடையாளம் காணும்?

பள்ளி விடுமுறையிலும் தீபாவளியை ஒட்டியும் கூடுதலாகக் கவனியுங்கள். முதலாவதில் பிள்ளைகள் ஆடும் நேரம் கூடுகிறது; இரண்டாவதில் விளம்பரம் கொடுப்பவர்கள் கூடுதல் விலை தருவதால், ஒவ்வொரு வீடியோவுக்கும் எங்கள் பக்கம் மதிப்பு ஏறுகிறது.

இறக்குவதற்கு முன் கேமின் பெயருக்குக் கீழே 'விளம்பரங்கள் உள்ளன' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். நெட் இல்லாமல் ஓடும் கேமானால் ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். விளம்பரம் பெரும்பாலும் நின்றுவிடும். ப்ளே ஸ்டோர் செட்டிங்கில், எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

அக்கா வீட்டில் சும்மா கிடந்த பழைய போனில், அவனுடைய உண்மையான வயதைப் போட்டு, பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கவனிக்க கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் வழியாக அவனுக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினோம். அரை மணி நேரம் ஆனது. மறுநாள் அதே கேமை ஆடினான். விளம்பரம் வந்தது, கடன் ஆப் வரவில்லை.