பெரியவர்களுக்கான தடுப்பூசி: எதற்கு இடைவெளி வேண்டும், எதற்கு வேண்டாம்

"மிஸ்ஸி, போன வாரந்தான் ஃபுளு ஊசி போட்டேன். இப்ப டைபாய்டும் போட்டா உடம்பு தாங்குமா?" மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பெரியவர்கள் நர்ஸிடம் கேட்கும் கேள்வி இது. தாங்கும், தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். ஃபுளு, டைபாய்டு, டெட்டனஸ், ஹெப்பாடைட்டிஸ் பி ஆகியவற்றுக்குப் போடும் வழக்கமான ஊசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது. ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போடலாம். நேற்று ஒன்று, இன்று ஒன்று என்றாலும் தவறில்லை. கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். "ஒரு மாசம் போகட்டும்" என்று தள்ளிப்போட்டு, பிறகு வராமலே போய்விடுகிறார்களே, அதுதான் கவலை.

இடைவெளி கட்டாயம் பார்க்க வேண்டியது, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகளுக்கு: எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி), சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல். இவற்றில் இரண்டு தேவைப்பட்டால் ஒரே நாளில் போட வேண்டும்; இல்லையென்றால் 28 நாள் விட வேண்டும். முதல் ஊசி கிளப்பிவிடும் எதிர்ப்புச் சக்தி, அவசரப்பட்டுப் போடும் இரண்டாவதைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் கூடாது. 2024-இல் மலேசியாவில் அனுமதி பெற்ற டிங்கி ஊசி கியூடெங்காவும் உயிருள்ள வகைதான். அதற்கு 3 மாத இடைவெளியில் இரண்டு தவணை.

அடுத்தது, ஒரே ஊசியின் தவணைகள். ஹெப்பாடைட்டிஸ் பி-க்கு முதல் நாள், 1 மாதம், 6 மாதம் என மூன்று. இந்நாட்டில் குழந்தைகளுக்கு இது 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் போட்டிருக்க மாட்டார்கள்; டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது தவணையோடு நின்றுபோய் வருடக்கணக்கானாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதம் கணக்கைக் கெடுக்காது. குறித்த நாளுக்கு ரொம்ப முன்னதாகப் போட்டால்தான் கெடும்.

செம்பனை வெட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மட்டையின் முள் ஆழமாகக் குத்தி, மண்ணும் சேர்ந்துவிட்டால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தாலே மறுபடி ஒன்று போட வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு 10 வருடக் கணக்கு. சின்ன வயதில் போட்டோமா என்றே தெரியாதவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஒரு ஊசி போதாது.

சாப்பாட்டுக் கடை, கேன்டீன், கேட்டரிங் வேலை செய்பவர்களுக்கு 2009-ஆம் ஆண்டு உணவு சுகாதார விதிமுறைகளின்படி டைபாய்டு ஊசி கட்டாயம். அதன் பலன் 3 வருடம். நாள் முடியும் முன்பே மறு ஊசிக்குப் போய்விடுங்கள்.

60 வயதைத் தாண்டி, இனிப்புநீர், இருதய நோய் போன்றவை உள்ள குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஃபுளு ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. மைசெஜாத்ரா என்ற கைப்பேசிச் செயலியில் முன்பதிவு செய்யலாம். கைப்பேசி பழகாத தாத்தா பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள்தான் உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டும். கையிருப்பு இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் மிச்சம். இது ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான பெக்கா பி40 இலவச உடல் பரிசோதனை வேறு, தடுப்பூசி வேறு. அங்கே போனதாலேயே ஊசியும் போட்டாயிற்று என்று எண்ணிவிடக் கூடாது.

நிமோனியா ஊசியில் பல ரகம் இருக்கிறது. சில ரகங்களுக்கு அடுத்ததைப் போட ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், ஒரே ஊசியோடு முடிகிற ரகமும் உண்டு. அதனால் எந்த ரகம், எந்தத் தேதி என்று அட்டையில் எழுதி வாங்குங்கள்.

நாய் கடித்தால் மட்டும் இந்த இடைவெளிக் கணக்கு எதையும் பார்க்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முந்தின நாள் வேறு எந்த ஊசி போட்டிருந்தாலும் சரி.